கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிய கேமரா

“…கோழி போனா போவுது தங்கச்சி, அது பெரிசில்ல. யாரு புடிச்சினு போனாங்கன்னு தெரிஞ்சாவணும் இல்ல? அதுக்குத்தான கேமரா வெச்சிக்கறது? முந்தாநாளு மத்தியானம். அந்த நேரத்த மட்டும் எட்த்துக் காட்டிடு, போதும்…”

தணிகாசலம் அண்ணன் சொல்லி முடிக்கவில்லை. அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

“நம்ம வூட்ல ஏதுய்யா கோழி?”

அண்ணன் ஒரு நொடி திணறினார். “பக்கத்து வூட்டுக் கோழிதான்… ஒரு ஒத்தாசைக்கு…”

“பக்கத்து வூட்ல கீறது ஆடு.” அண்ணி கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். “அவுரு கெடக்கறாரு, நீ கேளு தங்கச்சி. முந்தாநாளு நாங்க இல்லாதப்ப சுகன்யா வந்து கேட்டாண்ட நின்னுட்டுப் போனாளாம். அத்த பாக்கணும். அவ்ளோதான் சேதி. இதுக்கு எதுக்கு கோழி, கொக்குன்னுக்கினு…”

அண்ணன் கேமராவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நாள் முன்னால் என் வீட்டு கேமராவின் மெமரி கார்டை நானே சரிசெய்த வீரக்கதையை இந்தப் பக்கத்தில் எழுதினேனே, நினைவிருக்கிறதா? அதிலிருந்து உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் எனக்கு ‘கார்டம்மா’ என்று பெயராகிவிட்டது. நான் இதையெல்லாம் படித்தவள் இல்லை. யூட்யூப் பார்த்து, கெடுத்துக் கெடுத்துக் கற்றவள். அது யாருக்கு வேண்டும்? போன வாரம் ஒருவர் கார்டை விபூதிப் பொட்டலம் மாதிரி காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். பிரித்தேன்… தும்மல் வந்தது… அப்புறம் வீட்டிலிருந்த அத்தனை பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம். சுண்டுவிரல் நகம் அளவு பொருளில் இவ்வளவு பெரிய வீட்டின் நடமாட்டத்தை அடைத்துவைத்தால் வேறென்ன நடக்கும்?

தணிகாசலம் அண்ணன் எனக்கு உறவில்லை. சாலவாக்கம் போகிற வழியில் வீடு, ஏரிக்குக் கீழே நிலம். வருஷா வருஷம் அவரிடம்தான் எங்கள் வீட்டுக்கு அரிசி மூட்டை. அந்தப் பழக்கத்தில் அவர் அண்ணன், நான் தங்கச்சி.

சுகன்யா அவர்களுக்கு ஒரே மகள். ஏனாத்தூரில் படித்தாள். வேலைக்குப் போனாள். கூடப் படித்த பையனைக் கட்டிக்கொண்டாள். காவாந்தண்டலத்துப் பையன். நல்ல படிப்பு, நல்ல வேலை, எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. ஊரில் குறையில்லை… அவன் குடியிருந்த தெருதான் இவர்களுக்குக் குறை. எந்தத் தெரு என்று நான் எழுத வேண்டுமா என்ன? நம் பக்கத்தில் ‘தெரு’ என்று சொல்லி நிறுத்தினாலே எல்லோருக்கும் புரிந்துவிடுகிறதே!

‘இந்த வாசப்படிய மிதிக்காத’ என்று அண்ணன் சொன்னார். அவளும் மிதிக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். ஒன்றரை வருஷமாகப் பேச்சும் இல்லை, போனும் இல்லை.

முந்தாநாள் அண்ணனும் அண்ணியும் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்ததும் எதிர்வீட்டு முனியம்மா சேதி சொன்னார். முனியம்மாவுக்குக் கண்ணில் புரை. அதனால் சேதியும் கொஞ்சம் புகைமூட்டமாகத்தான் வந்தது.

“சுகன்யா மாதிரிதாம்மா இருந்துச்சி. ஸ்கூட்டில வந்துச்சி. கேட்டப் புடிச்சினு நின்னுச்சி. தோள்ல, துப்பட்டாக்குள்ள, இன்னாவோ சாச்சிக்கினு இருந்துச்சி. பையா, கொயந்தையா… தெரில.”

பையா, குழந்தையா?

ஊரார் வீட்டுக் குழந்தைக்குக் காது குத்திவிட்டு வந்த இரண்டு பேரிடம் இப்படி ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டு முனியம்மா ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இவர்களுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அண்ணனின் போனை வாங்கிப் பார்த்தேன். கேமரா ஆப்பைத் திறந்தால் வாசல் பளிச்சென்று தெரிந்தது. கேட், கேட்டுக்கு வெளியே தெரு, தெருவில் ஒரு நாய். எல்லாம் லைவ். ‘ப்ளேபேக்’ போய் முந்தாநாள் தேதியை அழுத்தினேன். ஒன்றுமில்லை. நேற்று? அதுவும் இல்லை.

“படம்தான் நல்லா தெரியுதே தங்கச்சி?” என்றார் அண்ணன்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறோம். லைவ் தெரிந்தால் பதிவும் ஆகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு வேறு. பார்ப்பது கேமரா, சேர்த்து வைப்பது கார்டு. கார்டு செத்துப்போனாலும் கேமரா பார்த்துக்கொண்டேதான் இருக்கும். ஏதாவது ஒன்று தொலைந்த பிறகுதான் நமக்கே தெரியவரும்.

இதைச் சொன்னதும் அண்ணி சட்டென்று சொன்னார்: “அப்ப இது கண்ணத் தொறந்துக்கினே தூங்கிக்கினு கீது!”

நான் பத்து நிமிஷம் விளக்கியதை அண்ணி ஒரே வரியில் முடித்துவிட்டார். தலைப்பு அவருடையது.

“நேத்து வேற எதனா பண்ணீங்களாண்ணா?”

“கேபிள்காரப் பையன் ஃபார்மட் போட்டா சரியாய்டும்னான். அதான் அழுத்தனேன்…”

“அய்யோ அண்ணா! ஃபார்மட்னா உள்ள இருக்கறதை மொத்தமா அழிக்கறது!”

சொல்லியிருக்கக் கூடாது. இன்னும் மெதுவாகவாவது சொல்லியிருக்கலாம். அண்ணன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“நானே அழிச்சிட்டனா?”

கார்டையே கழற்றிப் பார்த்துவிடலாம் என்று ஏணி கேட்டேன்.

ஏணி வந்தது. கேமரா வாசல் நிலைக்கு மேலே, கேட்டைப் பார்த்தபடி இருந்தது. முதலில் ஸ்விட்சை அணைத்தேன்… ஓடிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்கினால் இருப்பதும் போய்விடும், நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் வயதுக்கும் உடம்புக்கும் ஏணி கொஞ்சம் முனகியது.

“மெல்லமா ஏறு தங்கச்சி,” என்றார் அண்ணி கீழேயிருந்து. “விழுந்து கிழுந்து வெச்சா, அத்தகூட இது ரெக்கார்டு பண்ணாது.”

கார்டை எடுத்து, மெல்லிய துணியால் துடைத்து, லேப்டாப்பில் போட்டேன். திறந்துகொண்டது. உள்ளே வரிசையாக ஃபைல்கள்!

“அழியலண்ணா! எல்லாம் இருக்கு!”

இரண்டு பேரும் ஓடிவந்து என் தோளுக்கு மேல் குனிந்தார்கள். அப்புறம்தான் நான் தேதியைப் பார்த்தேன். முந்தாநாள் இல்லை. போன மாதமும் இல்லை. கடைசி ஃபைலே ஒன்றரை வருஷம் பழசு.

விஷயம் இதுதான். செல்போனுக்கு வாங்குகிற சாதாரண கார்டைக் கேமராவில் போட்டால், அது ராத்திரி பகல் பாராமல் எழுதி எழுதித் தேய்ந்துபோகும். ஒருநாள், ‘இனி என்னால் ஆகாது’ என்று பூட்டிக்கொள்ளும். அதற்குமேல் புதிதாக எதையும் எழுதாது. ஏற்கெனவே எழுதியதை அழிக்கவும் விடாது. கேமராவுக்கென்றே விற்கிற, விலை கொஞ்சம் கூடுதலான கார்டு வாங்கச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்துவது இதனால்தான்.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தது யார் காதிலும் விழவில்லை. அண்ணியின் விரல் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. “இத்த போடு.”

போட்டேன்.

காலை நேரம். சுகன்யா ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குப் போகிறாள். ஈரத்தலை, தோளில் பை. கிளம்பிப் போய்விடுகிறாள். வெறும் கேட் கொஞ்ச நேரம் தெரிகிறது. பிறகு ஸ்கூட்டி சத்தம் திரும்பி வருகிறது. “நைனா… டப்பா!” என்று குரல் மட்டும் கேட்கிறது. சட்டை போடாத அண்ணன் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேமராவுக்குக் கீழேயிருந்து தெருவுக்கு ஓடுகிறார். வெளியே ஏதோ பேச்சு, சிரிப்பு. ஸ்கூட்டி போகிறது. அண்ணன் திரும்பி வந்து கேட்டைச் சாத்துகிறார். தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வருகிறார்.

“நான் எதுக்கு சிரிக்கறன்?” என்றார் அண்ணன்.

அண்ணிக்கும் தெரியவில்லை. “இன்னா சொன்னா அவ?”

“நெனப்பு இல்லியே…” அண்ணன் திரையை இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “இன்னொரு தபா போடு தங்கச்சி.”

போட்டேன். திரும்பவும் போட்டேன். டப்பாவோடு ஓடுகிற அந்த ஆள் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தார். எதற்கென்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

நல்ல நாட்களை நாம் பார்த்து வைத்துக்கொள்வதில்லை. கேட் தெரிகிறது, தெரு தெரிகிறது, ஆள் போகிறது, வருகிறது… எல்லாம் நமக்குள் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று நம்பி இருந்துவிடுகிறோம். இல்லையா?

பையா குழந்தையா என்ற கேள்வி அப்படியே நின்றது. சரி, இனிமேல் வருவதாவது பதிவாகட்டும் என்று நான் கொண்டுபோயிருந்த புது கார்டைக் கேமராவில் போட்டு, ஸ்விட்சைப் போட்டேன். லைவ் வந்தது. புது கார்டை ஒரு தடவை ஃபார்மட் செய்தால்தான் பதிவு தொடங்கும். ஆப்பில் அழுத்தினேன். மாட்டேன் என்றது. இந்த வேலையை ஓனரால்தான் செய்ய முடியுமாம்.

“அண்ணா, இந்த கேமராவுக்கு யாரு ஓனர்?”

“இன்னா கேள்வி இது? என் வூடு, என் கேமரா!”

“வாங்கி மாட்டினது யாரு?”

அண்ணிதான் சொன்னார். “அவதான். மொத சம்பளத்துல. நாங்க தனியா கீறோம்னு.”

செட்டிங்ஸில் பார்த்தேன். அண்ணனின் போனில் இருந்தது பார்க்க மட்டும் விடுகிற இரவல் கணக்கு. ஓனர் என்ற இடத்தில் சுகன்யா பெயர் இருந்தது. நேற்று அண்ணன் அழுத்திய ஃபார்மட்டும் இதனால்தான் நடக்கவில்லை. வந்திருந்த ஆங்கிலச் செய்தி, ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்பது. முடிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“ஓனர்னா… அவ போன்ல இது தெரியுமா?”

“தெரியும்ணா. நீங்க பாக்கற மாதிரியே. எங்க இருந்தாலும்.”

“இந்த ஒன்றர வருசமா?”

“அவ நினைச்சா உங்க போன்லேர்ந்து கேமராவை எப்பவோ எடுத்திருக்கலாம். எடுக்கல. பாக்கறாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. பாக்க முடியும். அது மட்டும் தெரியும்.”

அண்ணிதான் மெதுவாகக் கணக்குப் போட்டார். அவர் குரல் அப்படித் தேய்ந்து நான் கேட்டதில்லை.

“அப்ப… நம்ம ரெண்டு பேரும் கேட்டப் பூட்டிக்கினு காதுகுத்துக்குக் கெளம்பனதப் பாத்துகீறா. நாம வூட்ல இல்லன்னு தெரிஞ்சிதான் வந்துகீறா.”

“நாம இருந்தா வரமாட்டாளா?” என்றார் அண்ணன்.

“நீ சொன்ன சொல்லுக்கு எப்பிடிய்யா வருவா?”

அண்ணன் எழுந்து வெளியே போனார். ஏணியை எடுத்து ஓரமாகச் சாத்தினார். முற்றத்தில் நின்று, கேமராவை நிமிர்ந்து பார்த்தார். திறந்து கிடந்த சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பேசனா கேக்குமா?”

“கேக்கும்ணா.”

தொண்டையைச் செருமினார்.

“யம்மா… நாங்க இல்லாதப்ப வராத. இருக்கும்போது வா. தோள்ல இன்னா சாச்சிக்கினு இருந்தன்னு முனியம்மாவுக்குத் தெரிலியாம். எங்களுக்கும் தெரில. வந்து காட்டிட்டுப் போ.”

அண்ணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

கேமரா சும்மா இருந்தது. அண்ணன் காத்திருந்தார். அப்புறம் என்னிடம் வந்தார்.

“இப்ப சொன்னன் இல்ல… அவ அப்பறமா போன எட்த்துப் பாத்தா தெரியுமா?”

எனக்கு அதற்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் கார்டம்மா பொய் சொல்லக் கூடாதே!

“தெரியாதுண்ணா. கார்டுல பதிவே தொடங்கலியே. அவ பாக்கற நேரத்துல நீங்க முன்னால இருந்தாதான் தெரியும்.”

“எப்ப பாப்பா?”

“அது எனக்கு எப்படிண்ணா தெரியும்?”

அண்ணன் தலையாட்டினார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தார். கேட்டுக்கு முதுகைக் காட்டி, கேமராவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.