பெரியப்பாவின் முட்டிக்குக் கீழே

ஈர மண்ணை உள்ளங்கையால் அடித்து இறுக்கும்போது 'தப் தப்' என்று ஒரு சத்தம் வரும். என் கைக்குழந்தையை மடியில் போட்டுத் தட்டித் தூங்கவைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது. கேட்டதும் தட்டுவதை நிறுத்திவிட்டு, மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். இது சரியில்லை என்று தெரிந்தும் செய்கிறேன். செய்துவிட்டு, தூக்கத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று வருந்துகிறேன்.

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது உத்திரமேரூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில். அங்கே அம்மா குந்தி உட்கார்ந்து என் தம்பி சின்னப்பனின் மேட்டை அடித்து இறுக்கிக்கொண்டிருப்பாள். நடக்கத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டவன் அவன். அவன் முகம் எனக்கு நினைவில்லை, மேடு மட்டும் நினைவிருக்கிறது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்ததும், கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் பீடத்தருகே நின்று விதிகளை வாசிப்பார். பங்குப் பேரவை அனுமதியில்லாமல் சிமெண்டு வைக்கக் கூடாது, சுண்ணாம்பு தவிர வேறு வண்ணம் பூசக் கூடாது, பிளாஸ்டிக் மாலை கூடாது, எண்ணெய் விளக்கு கூடாது, படையல் போடக் கூடாது, அடுத்தவர் கல்லறை மண்ணை வாரக் கூடாது. இவையெல்லாம் எழுதி வைத்த விதிகள். எழுதாத விதி ஒன்று இருந்தது, அதுதான் எல்லாவற்றையும் ஆண்டது: 'மேடு இருந்தாதான் குழி.' கூலி வேலைக்குப் போகிற எங்கள் சனத்துக்கு இருந்தது கையகல நிலம், அதில் தலைமுறை தலைமுறையாகப் புதைத்தாக வேண்டும். அதனால் மேடு கரைந்து தரையோடு தரையாகிவிட்டால் அந்த இடம் மறுபடி பங்குக் கோயிலுக்கே போய்விடும், அடுத்து இறப்பவருக்கு அங்கே வெட்டலாம். கேட்பாரற்றுப் போன கல்லறை என்று அதற்கு அர்த்தம். ஆனால் கல்லறைத் திருநாள் வருவது ஐப்பசியில், அடைமழை வருவதும் ஐப்பசியில். பெரியவர்கள் மேடு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பிள்ளைகள் மேடு ஒரு மழைக்கே உட்கார்ந்துவிடும்.

அதனால் மழை விட்ட ஒவ்வொரு காலையும் அம்மா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கரைந்துபோன இடத்தைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. பழைய உபதேசியார் ஒருவருக்குச் சிமெண்டில் கட்டிய கல்லறையின் மூலையில் தன் தலையை வைத்து, ஏரிப்பக்கமாகக் கால் நீட்டி ஈரத் தரையில் படுத்துக்கொள்வாள். அவள் குதிகால் முடிகிற இடத்தில் சின்னப்பனின் தலை தொடங்கும். எழுந்து அந்த இடத்தில் மண்ணைக் குவிப்பாள். வேறு யாரும் அப்படி அளந்து நான் பார்த்ததில்லை. நின்று பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

நான் நான்காவது படித்த வருடம், என் தங்கையைப் பெற அம்மா காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள், புண் சீழ் பிடித்து அங்கேயே கிடந்தாள். அப்பா, எங்களுக்கு நைனா, அவளோடு இருந்தார். சின்னப்பன் மேட்டை இறுக்க ஆளில்லாத அந்த மழை நாட்களில்தான் பெரியப்பா, நைனாவின் அண்ணன், நடவு வயலில் பாம்பு கடித்து இறந்தார். நைனா பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது குழி வெட்டி முடிந்திருந்தது. எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் பிணத்தை வைத்துக்கொண்டு அவரால் பேச முடியவில்லை. ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். அம்மாவிடம் அண்ணன் இறந்ததைச் சொன்னார், இடத்தைச் சொல்லவில்லை.

கல்லறைத் திருநாள் அன்று காலை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த அம்மா நைனாவையும் எங்களையும் இழுத்துக்கொண்டு போனாள். தங்கை என் கையில் இருந்தாள். சனம் எல்லாம் அங்கேதான், செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் கூடைகூடையாக இறங்கிக்கொண்டிருந்தன. உபதேசியார் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு கொத்தனார் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா மதலேனாள் வெள்ளைப் புடவையில் நின்றாள். அவளுடைய இரண்டு மகன்களும், அந்தோணி அண்ணனும் அவர் தம்பியும், கலவை தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாக்கா கட்றீங்க?" என்றாள் அம்மா.

"உன் மாமனுக்குத்தான்டி. பேரவைல சொல்லி சிமெண்டு வாங்கிக்கினு வந்துட்டான் அந்தோணி."

அம்மா போய் உபதேசியார் கல்லறை மூலையில் தலை வைத்துப் படுத்தாள். கால் நீட்ட முடியவில்லை, செங்கல் தடுத்தது. காலைத் தூக்கி ஈரக் கட்டின்மேல் போட்டாள். அவள் குதிகால் பெரியப்பாவின் முழங்கால் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே விழுந்தது. அப்படியே கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"என் புள்ள எங்கக்கா?"

"மேடு எங்கடி இருந்துச்சி? தண்ணி நின்னுக்கினு இருந்துச்சி. உன் புருசனக் கேளு, நின்னு மண்ணு போட்டவன் அவன்தான்."

அம்மா நைனாவை அடித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஈர மண்கட்டியை அள்ளி அவர் முகத்தில் எறிந்தாள், பிறகு வெறுங்கையால் அறைந்தாள். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அடுத்து அவள் காயாத கட்டிலிருந்து செங்கல்லைப் பிடுங்கி எறியத் தொடங்கினாள். பெரியம்மா பாய்ந்து வந்து அவள் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அம்மா திரும்பி அந்தக் கையைக் கடித்தாள், பல் இறங்கும்படி. இருவரும் கலவைக்குள் விழுந்து புரண்டார்கள். பெரியம்மாவின் காது கிழிந்து கம்மல் எங்கோ தெறித்தது. அந்தோணி அண்ணன் அம்மாவை இடுப்பில் எட்டி உதைத்தார். தையல் போட்ட வயிறு அது. அம்மா கையில் கிடைத்த களைக்கொத்தை வீசினாள். அது அவர் புருவத்தைப் பிளந்தது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றபோது விரல் இடுக்கில் வழிந்த ரத்தம் சுண்ணாம்பு வாளியில் சொட்டியது, வெள்ளையில் சிவப்பு சுழித்துக்கொண்டு இறங்கியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு இரண்டு மகன்களும் சேர்ந்து நைனாவை அடித்தார்கள். அவர் கையைக்கூட மறைப்பாக வைக்கவில்லை, அதுதான் அவர்களுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். சனம் மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. தங்கை வீரிட்டு அழுதாள். நான் அவளை இறுக்கிக்கொண்டேன், மூச்சு முட்டுகிற அளவுக்கு இறுக்கியிருப்பேன்.

"அடியில கீற ரெண்டு பேரும் ஒத்துமையாத்தான் படுத்துக்கினு கீறாங்க. மேல நிக்கிறதுங்கதான் அடிச்சிக்கினு சாவுதுங்க" என்று கூட்டத்தில் நின்ற சூசைத் தாத்தா யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பு வந்த பிறகுதான் விலக்கிவிட ஆள் வந்தது.

தீர்த்தச் செம்போடு ஃபாதர் ஓடிவந்தார். புதிதாக வந்த இளைஞர். விதியைக் கேட்டார். மேடு இல்லை, அதனால் குழி வெட்டியது தப்பில்லை என்று உபதேசியார் சொன்னார். குழந்தை அங்கேதான் இருக்கிறதா என்று ஃபாதர் கேட்டார், சனம் ஈரக் கட்டைப் பார்த்தது. கடைசியில், வைத்தவரை எடுக்க முடியாது, கல்லறை பெரியவருக்கு இருக்கட்டும், கால் பக்கத்தில் அந்தத் தாய் பூ வைத்துக்கொள்ளட்டும் என்றார். பெரியம்மா கிழிந்த காதை முந்தானையால் பொத்திக்கொண்டு எழுந்தாள். ரத்தம் கலந்த அந்தச் சுண்ணாம்பிலேயே விரலை முக்கி, கட்டின்மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள்.

"முட்டிக்குக் கீழ உன்னுது. மேல ஒரு பூ வெச்சிப் பாரு, கைய ஒடிச்சி இதே குழியில போடுறேன்."

அந்தோணி அண்ணனுக்குத் தையல் போட்ட ஆஸ்பத்திரியில், வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னார்கள். போலீசுக்குப் போகவில்லை. ஆனால் சண்டை முடியவும் இல்லை. நான் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, திருமணமாகி வெளியூர் போகும்வரை ஒவ்வொரு கல்லறைத் திருநாளும் அந்தக் கல்லறையில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்ளாமல் வேலை செய்தார்கள். முதலில் பெரியம்மா வந்து சுண்ணாம்பில் கோடு போடுவாள். மேலே கோழிக்கொண்டை, கீழே அம்மாவின் செவ்வந்தி. கோடு வருடத்துக்கு வருடம் கால் பக்கமாக விரல் விரலாக நகரும். அம்மா காலால் தேய்த்து அழித்துவிட்டு மேலே தள்ளிப் போடுவாள். மெழுகுவத்தி உதைபடும். ஒரு வருடம் அம்மா சுண்ணாம்பு வாளியைப் பெரியம்மாவின் மேல் கவிழ்த்தாள். இன்னொரு வருடம் பெரியம்மா துடைப்பக் கட்டையால் அம்மாவின் விரலை நசுக்கினாள். பேச்சு என்று நடந்தால் அது இப்படித்தான் இருக்கும்:

"ஒரு மொழம் புள்ளைக்கு ஒரு ஆள் எடம் கேக்குறியே, வெக்கமா இல்ல?"

"இப்ப இருந்தா உன் அந்தோணிய விட ஒசரமா இருப்பான்க்கா. கால் நீட்ட வாணாமா அவன்?"

அப்போதெல்லாம் நான் தள்ளிப் போய் நிற்பேன். படித்த பெண், எனக்கு அவமானம். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரில் சொன்னதை நானும் பாதி நம்பினேன். இப்போது எனக்கே ஒரு குழந்தை இருக்கிறாள். தடுப்பூசி போட்ட நர்ஸ் கொஞ்சம் அழுத்திப் பிடித்ததற்கே என் கை தானாக ஓங்கியது, அதை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. அந்தோணி அண்ணனின் கண் போயிருக்கும். சரியில்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

போன கோடையில் பெரியம்மா இறந்தாள். கணவன் குழியிலேயே வைக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாளாம். கல்லறையைத் திறந்தபோது அம்மா போய் நின்றாள், நானும் குழந்தையோடு நின்றேன். கால் பக்கம் வந்ததும் அம்மா, "மெதுவா வெட்டுப்பா" என்றாள். குழி வெட்டுபவர் மம்பட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளி அள்ளிப் பார்த்தார். பெரியப்பாவின் எலும்புகளை ஒரு வெள்ளைத் துணியில் கட்டினார். அதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.

"ஒன்னும் இல்லக்கா. பச்ச புள்ளதான, களிமண்ணு தின்னுட்டு இருக்கும்."

"சரி" என்றாள் அம்மா. பெட்டி இறங்கியதும், புருவத் தழும்போடு நின்ற அந்தோணி அண்ணன் விலகி வழிவிட்டார். "நீ போடு சித்தி" என்றார். அம்மா மண்ணைப் போட்டாள்.

இந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். இப்போது மண்மேடுகளே இல்லை. எல்லாம் டைல்ஸ் பதித்துப் பெயர் பொறித்தவை, மழை வந்தால் கழுவிவிட்டுப் போகிறது. கேட்டருகே விதிகள் பலகையாகிவிட்டன, யாரும் நின்று படிப்பதில்லை. தரையில் படுத்து இடம் அளக்கிறவர்கள் இல்லை, அந்த 'தப் தப்' சத்தமும் இல்லை. பெரியம்மாவின் மகன்கள் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள், ஷிப்டு முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பொழுது சாய்ந்தும் வரவில்லை. எங்கள் குடும்பக் கல்லறை வெறுமையாகக் கிடந்தது. தடுக்க ஆளில்லை, இனி முழுவதும் அம்மாவுடையது என்று நினைத்து, கூடையிலிருந்து செவ்வந்தியை அள்ளித் தலைமாட்டில் வைக்கப் போனேன். அம்மா என் கையில் ஓங்கி அடித்தாள். பூ சிதறியது, குழந்தை மிரண்டு அழுதாள்.

"அது அவ எடம்டி."

சிதறிய பூவைப் பொறுக்கி எடுத்தாள். சுண்ணாம்பில் விரலை முக்கி, குனிந்து, டைல்ஸின்மேல் குறுக்காகக் கோடு இழுத்தாள். அவள் இத்தனை வருடம் அடித்துப் பிடித்து மேலே தள்ளிய இடத்தில் அல்ல, வெகு கீழே, ஏறக்குறைய பாதத்தருகே இழுத்தாள். அதற்குக் கீழே நாலு பூ வைத்தால் இடம் முடிந்துவிடும்.

"ரொம்பக் கீழ போட்டுட்டம்மா" என்றேன்.

"அவ இங்கதான் போடுவா" என்றாள்.