கல்யாண வண்டி மட்டும் ஏன் நிற்கிறது?

ஒரு மெக்கானிக்கைப் பைத்தியமாக்க, வழியில் நின்றுவிட்டு ஷெட்டுக்குள் வந்ததும் ஒழுங்காக ஓடிக் காட்டுகிற ஒரே ஒரு வண்டி போதும். பல்வலி என்று அலறிக்கொண்டு டாக்டரிடம் போய், நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி நின்றுபோய்த் திருதிருவென்று விழித்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நாம் ஒரே ஜாதி, வாருங்கள்.

ஷெட்டில் பரம சாது

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஷெட் போட்டிருந்தேன். ஏகாம்பரம் என்று ஒரு டாக்சிக்காரன், சொந்த வண்டி. பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் துடைத்திருக்கமாட்டான். ஒரு வளைகாப்புக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வேகமாகப் போயிருக்கிறான். வாலாஜாபாத் தாண்டியதும் புல்லிங் போய்விட்டது. மிதிக்க மிதிக்க இருமி, கடைசியில் நடுரோட்டில் நின்றுவிட்டது. ரொம்ப நேரம் கழித்துத் தானாகவே கிளம்பியதாம்.

எனக்கு ஒரு பழக்கம், பெட்ரோல் முள்ளை நம்பமாட்டேன். முதல் வேலையாக டாங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பேன். பெட்ரோல் இருந்தது. கார்ப்ரேட்டரைக் கழற்றி ஊதினேன், பிளக்கைச் சுத்தம் செய்தேன், ஓட்டிப் பார்த்தேன். சனியன், சிட்டாகப் பறந்தது!

"உன்னக் கண்டா பயப்படுதுண்ணே. பேசாம நீயும் வண்டியோட வந்துடு" என்றான் ஏகாம்பரம்.

நூல் மூட்டைக்குப் பறக்கும்

அடுத்தது ஒரு நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் தாம்பூலத் தட்டோடு புளியமரத்தடியில் காய்ந்தார்கள். பெட்ரோல் பம்ப்பை மாற்றினேன். நடுவில் நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஆரணிக்கு விரட்டியபோது ஒரு தும்மல்கூட இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்தேன். மறு வாரமே ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போகும்போது படுத்துக்கொண்டது.

ஸ்டாண்டில் 'ராசி கெட்ட வண்டி' என்று பேர் வைத்துவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! ராசி என்று ஒரு பார்ட்ஸை எந்தக் கடையில் விற்கிறான், சொல்லுங்கள்? ஆனால் உள்ளுக்குள் எனக்கே உதறல்தான். பக்கத்து டாக்சிக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"மூட்ட தூக்க நல்ல வண்டிபா. நல்ல காரியத்துக்குத்தான் ஆகாது."

மணப்பெண் ஏறினாள்

சின்ன காஞ்சிபுரத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண் கோமளா. செங்கல்பட்டில் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானமே, ராகு காலம் பிறப்பதற்குள் பெண் மண்டபத்தில் கால் வைத்தாகவேண்டும். வீட்டார் சீர்ப் பாத்திரங்களோடு பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். பெண்ணும் அத்தையும் வருவதற்குப் பேசி வைத்த கார் வரவில்லை. ஸ்டாண்டில் மிச்சம் இருந்தது ஏகாம்பரம் வண்டிதான். அவன் என் கையைப் பிடித்து இழுத்து முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் கிளப்பினான்.

நேரம் இல்லை. மிதித்தான். வாலாஜாபாத் வரை நான் மூச்சு விடவே இல்லை. ஊரைத் தாண்டியதும் அதே இருமல், அதே தள்ளாட்டம். நின்றது. பானெட்டைத் திறந்தேன். கார்ப்ரேட்டரில் சொட்டு பெட்ரோல் இல்லை. புது பம்ப், சுத்தமான குழாய், இருந்தும் வரவில்லை. கோமளா பின்சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அத்தை இறங்கி என் பக்கத்தில் வந்து, பெண்ணுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"தம்பி, ஏற்கெனவே ஒரு எடம் தட்டிப் போயிருக்குது. இப்போ லேட்டா போனா வண்டிய யாரும் திட்டமாட்டாங்கபா. இவளத்தான் ராசியில்லாதவன்னு சொல்லுவாங்க."

உஸ்ஸ்...

வேறு ஒன்றும் தோன்றாமல், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கப் பின்னால் போய் மூடியைத் திருகினேன். உஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது! கையைப் பார்த்தேன். விரலெல்லாம் ஈரச் சந்தனம்.

"டேய், இது எப்போ வச்சது?"

"உன்னக் கூப்பிட வர்றதுக்கு முன்னாடிதாண்ணே. கல்யாண வண்டியாச்சே, நாலு சக்கரத்துக்கும் மூடிக்கும் நல்லா கெட்டியா வச்சேன். வண்டி சோறு துன்ற வாய் இல்லியா அது?"

"நூல் மூட்ட ஏத்துற அன்னிக்கு?"

"மூட்டைக்கு எவனாவது பொட்டு வைப்பானாண்ணே?"

அடப்பாவி! பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள் காற்று போகவேண்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை ஓட்டை ஒன்று உண்டு. அதைச் சந்தனத்தால் பூசி மெழுகியிருக்கிறான். மெதுவாகப் போனால் சமாளிக்கும், விரட்டினால் மூச்சு முட்டும். ஷெட்டுக்கு வருமுன் வண்டியைத் துடைத்துச் சந்தனத்தையும் எடுத்துவிடுவான். மிச்சம் இருந்தாலும் நான் முதலில் மூடியைத் திறந்துவிடுவேனா, வியாதி அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் நான் எதைக் கழற்றினால் என்ன?

ஓட்டையைக் குத்த என்னிடம் ஊசி இல்லை. கோமளா சட்டென்று புடவைத் தலைப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். குத்தினேன், ஊதினேன், மூடினேன். "மிதிடா" என்றேன். வழக்கமாக இருமுகிற வேகம் வந்ததும் அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். இருமவில்லை. ஏகாம்பரம் அழுதுகொண்டே ஓட்டினான்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டு தயாராக இருந்தது. ராகு காலம் பிறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, "நல்ல நேரத்துலயே கொண்டாந்துட்டாங்க, ராசியான வண்டிதான்" என்றாள். ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். கோமளா இறங்கும்போது அவன் பக்கம் திரும்பி, அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

"நாளைக்குக் கூட்டினு போக வர்றப்போ பொட்டு எனக்கு மட்டும் போதும்ணா, வண்டிக்கு வேணாம்."

அதற்குப் பிறகு எந்த வண்டி வந்து நின்றாலும், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால், இன்றைக்கு என்ன விசேஷம் என்றுதான் கேட்கிறேன்.