மொட்டை போட்டு வாங்கின அவுட் பாஸ்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி திருப்பதியில நடந்தது. இன்னிக்கு நினைச்சாலும் எனக்குப் பத்திக்கினு வருது.

நாங்க நகரிக்காரங்க, ஆந்திரா எல்லையில இருக்கிற தமிழாளுங்க. ஸ்ரீ சிட்டியில ஒரு பேக்டரியில எனக்கு ஷிப்ட் வேலை. பொண்ணு திருப்பதியில ஒரு தனியார் ஜூனியர் காலேஜ் ஹாஸ்டல்ல தங்கி இன்டர், அதான் தமிழ்நாட்டு பிளஸ் டூ மாதிரி, படிச்சுக்கினு இருந்தா. சின்ன வயசுல இருந்தே கோ-கோ ஆடுறவ. மாநிலப் போட்டியில ஒரு தடவை ஆடிட்டா, விளையாட்டுக் கோட்டாவுல அரசு விவசாயக் காலேஜ்ல சீட்டு கேக்கலாம். வெறும் மார்க்கை வெச்சுக்கினு அந்தப் பக்கமே போக முடியாது. தசரா லீவுல நடந்த செலக்ஷன்ல அவ பேரு வந்துடுச்சு. போட்டி சித்தூர்ல.

காலேஜ்ல விட மாட்டேன்னுட்டாங்க. பிரின்சிபால் ரூம் வாசல்ல அரை நாள் நின்னேன். அந்த மனுஷன் போனைப் பார்த்துக்கினே சொன்னாரு, "ஆட்டத்துக்கெல்லாம் அவுட் பாஸ் கிடையாதுங்க. வீட்ல சாவுன்னா சொல்லுங்க, அனுப்பறோம்."

நான் என்ன பொண்ணை ஜெயில்லயா சேர்த்தேன்? பெரிய கிரவுண்டு போட்டோவைக் காமிச்சுதானே சேர்த்தாங்க. அந்த கிரவுண்டுல பஸ்ஸை நிறுத்தி வெச்சிருந்தானுங்க.

அதே கோவத்துல திருமலைக்கு பஸ் ஏறிட்டேன். மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துட்டேன். திருப்பதியில மொட்டைத் தலையைப் பார்த்து எவனும் சாவுன்னு நினைக்க மாட்டான். அதனால சந்தனம் பூசல, கையில லட்டும் எடுத்துக்கல. மறுநாள் காலையில ஹாஸ்டலுக்குப் போய், "எங்கம்மா தவறிட்டாங்க, காரியத்துக்குப் பொண்ணை அனுப்புங்க"ன்னு வார்டனம்மாகிட்ட தெலுங்குல சொன்னேன். எங்கம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு. உசுரோட இருக்கிறவங்களைச் சொல்ல வாய் வரல.

அந்தம்மா உடனே அவுட் பாஸ் எழுதிட்டாங்க. ஆனா உள்ள போய் பொண்ணுகிட்ட, "உங்க வீட்ல சாவு, கிளம்பு"ன்னு மட்டும் சொல்லியிருக்காங்க. அழுதுகினே ஓடி வந்தவ, என் தலையைப் பார்த்ததும் ஹாஸ்டல் கேட் பக்கத்துலயே உக்காந்துட்டா. "அம்மாவா நைனா?"ன்னு கேட்டா.

அவ அப்படி நினைப்பான்னு எனக்குத் தோணவே இல்ல. வார்டன் முன்னாடி வாயைத் திறக்கவும் முடியல. கையைப் புடிச்சு இழுத்துக்கினு ரோட்டு முனைக்குப் போய்தான் சொன்னேன்: "யாரும் சாவலம்மா. அம்மா சோறு கட்டிக்கினு சித்தூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கறா. உன் ஜெர்சி இந்தப் பையிலதான் இருக்குது."

ஷேர் ஆட்டோவுல அத்தனை பேரு முன்னாடியும் என் மொட்டை மண்டையில ரெண்டு போட்டா. அப்புறம் சிரிச்சா, திரும்பவும் அழுதா.

டீம் ஜெயிக்கல. ஆனா அவ ஆடினா, சர்ட்டிபிகேட் வந்தது, மறு வருஷம் அவ கேட்ட சீட்டும் கிடைச்சுது.

அதோட விட்டிருந்தா நானும் மறந்திருப்பேன். அட்மிஷன் சமயத்துல அந்தப் பக்கமாப் போனேன். அவ இன்டர் படிச்ச காலேஜ் வாசல்ல ஆள் உசரத்துக்கு பேனர். 'படிப்போடு விளையாட்டும் எங்கள் லட்சியம்'னு தெலுங்குல எழுதி, பக்கத்துல கோ-கோ ஜெர்சியோட என் பொண்ணு போட்டோ. இவனுங்களுக்கு வெக்கமே கிடையாதா? உள்ள போய்ச் சண்டை போடல. எதிர்க்கடையில ஒரு பிளேடு வாங்கினேன். பட்டப்பகல்ல, வாட்ச்மேன் பார்த்துக்கினு இருக்கறப்பவே அவ போட்டோவை மட்டும் அறுத்து சுருட்டிக்கினு வந்துட்டேன். வாட்ச்மேன் தடுக்கல.

எனக்கு முடி வளர்ந்துடுச்சு, மீசையும் வந்துடுச்சு. ஆனா எந்த காலேஜ் பேனர்ல புள்ளைங்க சிரிச்சுக்கினு நின்னாலும், ஹாஸ்டல் கேட் பக்கத்துல உக்காந்து "அம்மாவா நைனா?"ன்னு கேட்ட என் பொண்ணு மூஞ்சிதான் எனக்குத் தெரியுது.