முதல் ஆறு வரி

ஒரே வரியில் முடியாத எதையும் எங்கள் டீம் லீட் நிரல் என்று ஒப்புக்கொண்டதில்லை. மொத்த வியாபாரம் நடக்கும் மண்டி மொஹல்லாவில், ஒரு பருப்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே ஆட்கள் ஒவ்வொரு மூட்டையாக இறக்குவதை ஜன்னல் வழியாகக் காட்டி, "பாரு ராமாபுரம், நீ எழுதற லூப் இப்படித்தான் ஒண்ணொண்ணா போயிட்டிருக்கு" என்பார். என் ஊரின் பெயரையே எனக்கும் வைத்திருந்தார். என் அப்பாவும் மூட்டை தூக்கினவர்தான். பள்ளிக்கூடத்தை எட்டிக்கூடப் பார்க்காத அவர், ஒருநாளும் ஒருத்தர் மூட்டையை இன்னொருத்தர் வண்டியில் ஏற்றியதில்லை.

அந்த மாதம் ராமாபுரத்தில் நடந்த கண் முகாமின் பட்டியல் எங்களிடம் வந்தது. முகாமுக்கு வந்த எல்லோருக்கும் கடிதம் தயாரிக்க வேண்டும்: அறுவை வலது கண்ணிலா, இடது கண்ணிலா, அல்லது ஒன்றுமே தேவையில்லையா. பட்டியலில் என் அம்மாவும் இருந்தாள். நான்தான் கூட்டிப்போயிருந்தேன். வலது கண்ணில் புரை என்று டாக்டர் என்னிடமே சொன்னார்.

பெயர்கள் ஒரு வரிசை, கண்கள் ஒரு வரிசை. ஆர் (R) என்ற நிரல் மொழியில் ஒரு கட்டளை கொடுத்தால் முதல் பெயரோடு முதல் கண், இரண்டாவதோடு இரண்டாவது என்று முழு வரிசையையும் ஒரே மூச்சில் ஒட்டித் தந்துவிடும். அருமையான வசதி. அது யார் கையில் கிடைக்கிறது என்பதில்தான் சிக்கல்.

லீட் கண் வரிசையை மட்டும் தனியே உருவினார். சொற்களின் முன்னும் பின்னும் இருந்த வெற்றிடங்களை நறுக்கினார். காலியாக இருந்த கட்டங்களையெல்லாம் குப்பை என்று தள்ளினார். முகாம் நர்ஸ்கள் கோளாறு இருந்தால்தான் எழுதுவார்கள். காலி என்றால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். முகாம் படிவத்தின் அடியிலேயே அது எழுதியிருந்தது. படிவத்தைத் திறந்து பார்ப்பதெல்லாம் அவர் தகுதிக்குக் கீழான வேலை.

பிறகு இரண்டையும் ஒட்டி, முதல் ஆறு வரியைத் திரையில் காட்டச் சொன்னார். முதல் காலிக் கட்டம் ஏழாவதில் இருந்ததால் ஆறும் சரியாக இருந்தன. "ஆயித்து. பிரிண்டுக்கு அனுப்பு" என்றார், முடிந்தது என்பதைக் கன்னடத்தில். அந்த மனிதர் வாழ்நாளில் ஏழாவது வரி என்று ஒன்றைப் பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

நான் அம்மாவின் பெயரைத் தேடினேன். இடது கண் என்றிருந்தது.

"சார், எங்கம்மாவுக்கு வலது கண்ணு. இதுல இடதுன்னு வருது."

"வயசானவங்க, மாத்திச் சொல்லியிருப்பாங்க, விடு மாராயா."

"நான் கூடவே இருந்தேன் சார்."

"அப்போ நர்ஸ் தப்பு. எரர் வந்துச்சா? ஒரு வார்னிங்காவது வந்துச்சா?"

வராது. காலிக் கட்டங்கள் போனதில் கீழிருந்த கண்களெல்லாம் மேலேறிவிட்டன. ஒரு வரிசை குட்டையாக இருந்தால், அது தீர்ந்த இடத்தில் மறுபடியும் தலையிலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டே போகும். வாயே திறக்காது. அவர் கண் முன்னாலேயே ஐந்து பெயரையும் மூன்று கண்ணையும் தட்டி ஒட்டிக் காட்டினேன். நாலாவது ஆளுக்கு முதல் ஆளின் கண் வந்து நின்றது.

"நம்ம லிஸ்ட்படி எங்க ஊர்ல ஒருத்தருக்குக்கூட நல்ல கண்ணு இல்ல சார். எல்லாருக்கும் ஆபரேஷன்."

பக்கத்து மேசைப் பெண் சிரித்துவிட்டாள். லீட் எழுந்தார். "டேட்டா சரியில்லன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டுக் காபிக்கு இறங்கிப் போனார். அவர் அப்போதும் சொல்லவில்லை, எப்போதும் சொல்லவில்லை.

காலிக் கட்டங்களில் 'நலம்' என்று நிரப்பினேன். இரண்டு வரிசையும் ஒரே நீளமா என்று பார்த்தேன். அப்புறம் அவருடைய அதே ஒற்றை வரியால்தான் ஒட்டினேன். கடைசிப் பெயர்வரை படிவத்தோடு ஒப்பிட்டு, சாயங்காலம் அச்சுக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு லீட் வகுப்பெடுத்தார். என் ஐந்து பெயரும் மூன்று கண்ணும் அவருடைய அனுபவமாகத் திரையில் ஓடின.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மா கடிதத்தை நீட்டினாள். வலது கண் என்று படித்துச் சொன்னேன்.

"என்ற கண்ணு எதுன்னு எனக்குத் தெரியாதா சாமி? இதுக்கொரு காயிதமா?"

"உனக்குத் தெரியும்மா. ஆபரேஷன் பண்றவங்க காயிதத்தத்தான பாப்பாங்க."

"இத எழுதறது யாரு?"

"நான்தான்" என்றேன். லீடைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே வந்திருக்க மாட்டாள்.