பார்த்த இடம் பழசாகும்

பிற்பகல் மூன்று நாற்பது. பம்பாய் செம்பூரில் என் அலுவலக மேசையில் கைப்பேசி அடித்தது. சின்னவளின் பள்ளி பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, எல்லோரும் மௌஷி என்று கூப்பிடுகிறவள், இந்தியில் படபடத்தாள். கிங்ஸ் சர்க்கிள் தாண்டியதும் பஸ் மழைத் தண்ணீரில் நின்றுவிட்டது, ஒரு பிள்ளையின் அம்மா வந்து நாலைந்து பேரைக் கைகோத்து நடத்திக் கூட்டிப்போனாள், உங்கள் மகளும் அவர்களோடுதான் போனாள், வீட்டுக்கு வந்துவிட்டாளா என்று கேட்டாள்.

அந்த அம்மாவின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது என் மகளைக் காணவில்லையாம். பஸ்ஸுக்கே திரும்பியிருப்பாள் என்று நினைத்தாராம். அவள் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை.

அவளுக்குப் பதினோரு வயது. பள்ளிக்குப் போன் கொண்டுபோக அனுமதியில்லை. அவள் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. அன்று சிக்னல் எட்டாத கடலில் இருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. பம்பாயில் பல வீடுகளில் உள்ள விதிதான். தொலைந்துபோனால் அலையாதே, பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய், ரயில் வரும் நேரம் காட்டும் பலகை இருக்கிறதே, அந்த இண்டிகேட்டருக்குக் கீழே நில், நாங்கள் வந்து கூட்டிக்கொள்கிறோம். ஆகவே தாராவியில் தையல் பட்டறை வைத்திருக்கும் என் கொழுந்தனாரிடம் முதலில் சொன்னதே, பஸ் நின்ற இடத்துக்குப் பக்கமான சயான் ஸ்டேஷனைத்தான். அவர் தண்ணீரில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"இண்டிகேட்டர் கீழ பாத்தாச்சு மதினி. ஒரே கூட்டம். நம்ம புள்ள இல்ல."

இருந்த ஒரே நம்பிக்கை அது.

மழையில் ரயில்களும் நின்றுவிட்டன. திலக் நகர் வீட்டுக்கு நடந்தே வந்தேன். மூத்தவள், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவள், காதில் ஹெட்செட்டுடன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது.

"ஏட்டி, தங்கச்சியக் காணோங்கேன். இப்பவும் ஒனக்கு கேமா?"

"கேம் இல்லம்மா. மொதல்ல உக்காரு. சித்தப்பா ஸ்டேஷனுக்கு எத்தன மணிக்குப் போனாரு?"

அவள் ஆடும் விளையாட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விண்வெளி விளையாட்டு. ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகள் நிலையாக இருப்பதில்லை. காலையில் திறந்திருப்பது மாலையில் மூடிக்கொள்ளும். அவள் குழுவில் சண்டை போடுகிறவர்கள் உண்டு, சரக்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. இவள் வேலை முன்னால் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவான வரைபடத்தில் குறிப்பது. யார் பார்த்தது, எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது, அங்கே என்ன இருந்தது. பார்த்த இடத்தில் பச்சைப் புள்ளி விழும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது தானாகச் சாம்பல் நிறமாகிவிடும்.

இல்லாத ஊருக்குப் போகாத வழியை எழுதிவைக்கிறாள் என்று நான் சிரித்ததுண்டு. ஒருமுறை, பார்த்த இடம் ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்டேன். "பாத்தது பழசாயிடுச்சும்மா. இப்ப அங்க என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதுல்ல" என்றாள். அன்று அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது திரையில் அதே கறுப்பு வரைபடம். ஆனால் நட்சத்திரங்கள் இல்லை. சயான், மாட்டுங்கா, தாராவி, கிங்ஸ் சர்க்கிள் என்று எழுதியிருந்தாள். தேடப் போனவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பட்டறை ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர், என் அலுவலகத் தோழி. எல்லோரும் "பாத்தாச்சு" என்றே சொன்னார்கள். இவள் விடவில்லை. பாலத்துக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள், கட்டடத்துக்கு உள்ளே போனீர்களா, வாசலோடு திரும்பினீர்களா என்று குடைந்தாள்.

"மதினி, ஒங்க மவ எப்பம் போலீஸ்ல சேந்தா?" என்றார் கொழுந்தனார். அந்த நேரத்திலும் அவர் வாய் சும்மா இருக்காது.

ஆனால் அவள் குறித்த பிறகுதான் தெரிந்தது. மாட்டுங்காவில் ஒரே கோயில் வாசலுக்கு மூன்று பேர் போயிருக்கிறார்கள். பஸ் நின்ற சாலையின் மறுபக்கத்துக்கு ஒருவரும் போகவில்லை. அங்கே ஆள் அனுப்பினாள். அங்கும் இல்லை. நான் சாமி படத்தின் முன் நிற்பதும் ஜன்னலுக்கு ஓடுவதுமாக இருந்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

அப்போது திரையில் சயான் ஸ்டேஷன் புள்ளி சாம்பலானது. அவள் உடனே போனை எடுத்தாள்.

"சித்தப்பா, திரும்ப ஸ்டேஷனுக்குப் போங்க."

"அங்கதான் மொதல்லயே பாத்தாச்சேட்டி! ஆண்டாப் ஹில் பக்கம் யூனிபார்ம்ல ஒரு புள்ள நின்னுச்சுன்னு சொல்லுதாங்க. நான் அங்க கெளம்பிட்டேன்."

"நீங்க பாத்து ஒன்றர மணி நேரமாச்சு. அவ நடக்குற புள்ள சித்தப்பா, நட்டுவச்ச கம்பமா?"

"அரே, இவ ஒருத்தி! அம்மாட்ட குடு."

போன் என் கைக்கு வந்தது. ஆண்டாப் ஹில்லில் யாரோ பார்த்த ஒரு பிள்ளை. இந்தப் பக்கம், ஏற்கெனவே இல்லை என்று தெரிந்த ஓர் இடம். இருட்டுவதற்குள் அவரால் ஒரு இடத்துக்குத்தான் போக முடியும். மூத்தவள் திரையில் சாம்பலான சயான் புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். அந்த இடத்துக்கு மட்டும்தான் சின்னவளுக்குப் போகக் கற்றுக்கொடுத்திருந்தோம். அதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால், அங்கே இல்லை என்று அடித்துவிட்டிருந்தோம்.

"அவ சொல்றபடி செய்ங்க தம்பி" என்றேன். "ஆண்டாப் ஹில்லுக்குப் பட்டறைப் பையங்க போகட்டும்."

அதோடு லைன் அறுந்தது. பிறகு கிடைக்கவேயில்லை.

இப்போதும் எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் இண்டிகேட்டருக்குக் கீழே நிற்கும் முகங்களைப் பார்க்காமல் என்னால் படியேற முடிவதில்லை. அன்று காத்திருந்த நேரம் என் உடம்பை விட்டு இன்னும் போகவில்லை.

படியில் ஈரச் செருப்புச் சத்தம் கேட்டபோது மூத்தவள்தான் முதலில் ஓடினாள். கொழுந்தனார் மார்பு வரை நனைந்திருந்தார். அவர் கையைப் பிடித்தபடி, பட்டறைத் துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு, ஒற்றைக் கால் ஷூவுடன் சின்னவள் நின்றாள். மற்ற ஷூ தண்ணீரில் கழன்றிருக்கிறது. அதை எடுக்கக் குனிந்தபோது கை விட்டுப்போயிருக்கிறது. ஒரு கட்டடத்து வாட்ச்மேன் படியில் ஏற்றி நிற்கவைத்திருக்கிறார். மழை தணிந்ததும் விதிப்படி ஸ்டேஷனுக்கு நடந்திருக்கிறாள். அவளுடைய சித்தப்பா அங்கே வந்து பார்த்துப்போன பிறகு.

"இண்டிகேட்டர் கீழயேதான் நின்னா மதினி" என்றார் அவர். மூத்தவளின் தலையில் ஈரக் கையை வைத்தார்.

சின்னவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க சொன்ன எடத்துலதாம்மா நின்னேன். ரொம்ப நேரம் யாருமே வரலியா, அதான் நாந்தான் தப்பான ஸ்டேஷன்ல நிக்கேனோன்னு நெனச்சேன்."