அவர் கை எழும்வரை

ஒத்திகையின் நடுவில் அவருடைய வலது கை சட்டென்று தொங்கிவிட்டது. தாளம் காட்டப் பிடித்திருந்த குச்சி தரையில் விழுந்தது. எதிரே இருந்த இசைக்கலைஞர்கள் அத்தனை பேரும் அந்த நொடியே வாசிப்பதை நிறுத்தினார்கள். குழுவை நடத்துகிறவர் கையைத் தொங்கப்போட்டால் நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் பழக்கம். என்ன திட்டப்போகிறாரோ என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். அது பக்கவாதம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். நான் அபுதாபியில் வீட்டுக்குப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ், ஊர் குளச்சல். அவர் ஸ்பெயின்காரர். ஆர்கெஸ்ட்ராவையும், ஓபரா என்கிற இசை நாடகத்தையும் நடத்துபவர்.

அவருடைய அப்பா ஊர் பேண்டில் டிரம்பெட் வாசித்தவர். இவர் இளமையில் ஓபரா அரங்குகளில் மேடைக்குப் பின்னால் நின்று, யார் கண்ணிலும் படாத கோரஸுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார். முன்னால் வந்து நிற்பதற்குள் பாதி ஆயுள் போய்விட்டது. பிறகு வளைகுடாவுக்கு வந்து, பல நாட்டுக்காரர்களைச் சேர்த்து ஒரு குழுவை உருவாக்கினார். அவர்களுடைய முதல் ஓபராவுக்கான ஒத்திகையில்தான் கை விழுந்தது.

டிஸ்சார்ஜ் அன்று, திருநெல்வேலிக்கார டாக்டர் என்னிடம் பேசினார். "இஸ்கீமிக் ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு) சிஸ்டர். இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா கை இவ்வளவு மோசமாயிருக்காது. என்னத்தச் சொல்ல!"

படிக்கிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். கை தொங்கினால், வாய் கோணினால், யார் உத்தரவுக்கும் காத்திருக்காதீர்கள்.

ஓபராவை வேறொருவர் நடத்தினார். அன்று இவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். கையில் ஸ்பாஸ்டிசிட்டி (தசை இறுகி விறைத்துப்போவது) வந்திருந்தது. விரல்களைப் பிரித்துப் பயிற்சி கொடுத்தால், டிரைவரிடம் கற்றுக்கொண்ட "கலாஸ்!" (அரபியில் 'போதும், முடிந்தது') என்ற சொல்லால் முடித்துவிடுவார். எனக்கும் எரிச்சல்தான். நோயாளியிடம் பொறுமை வேண்டும் என்று எழுதுகிறவர்கள் யாரும் இவருக்குச் சூப் ஊட்டியதில்லை.

பாட்டைக் கேட்டால் கை தானாக அசையும் என்று நினைத்து, அவர் முன்பு நடத்திய ஓபரா ஒன்றை ஒருநாள் மொபைலில் போட்டேன். கை அசையவும் செய்தது.

"ஆஃப் பண்ணு" என்றார். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். கண் கலங்கியிருந்தது. "என் கை பாட்டுக்குப் பின்னால ஓடுது. கைதான் முதல்ல போகணும், சத்தம் அப்புறம்தான் வரணும். நான் எல்லாத்துக்கும் பிந்திட்டேன்."

ஆஃப் செய்தேன். "சார், நான் சர்ச் கொயர்ல பாடுவேன். நீங்க கை காட்டுங்க, பாடுறேன்."

"தாளம் நிக்குமா உனக்கு?"

"நிக்காட்டி திட்டுங்க."

"கை மேல போய் லேசா இறங்குறப்போ தொடங்கு."

வலது கை மடியிலிருந்து கிளம்பியது. நடுங்கியது. பாதியில் நின்றது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பாட ஆரம்பித்துவிட்டேன்.

"யார் உன்னைத் தொடங்கச் சொன்னது?" என்று ஒரு கத்து கத்தினார்.

அதுவரை அவர் தன் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். இது பாடுகிறவளுக்கு விழுந்த திட்டு. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுபடி கை கிளம்பியது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். சும்மா காத்திருந்த அந்தக் கலைஞர்களை மனதுக்குள் எத்தனை முறை திட்டியிருப்பேன்! இப்போது எனக்கு நெஞ்சு முட்டியது. கை இன்னும் மேலே வரவில்லை. காத்திருந்தேன். அது தோள்வரை வந்து, லேசாக இறங்கியது.

பாடினேன்.