அட்டைப் பாஷை பேசிய மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை என் கொழுந்தன் சண்முகத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். எங்கள் காஜா பெராங்கிலிருந்து பெண் வீடு இருக்கும் புக்கிட் பாரு என்ன தூரம்? வழி நெடுக அவனுக்கு ஒரே பாடம்தான் — “கேட்டா மட்டும் பேசு!”

சண்முகம் கப்பலில் வேலை செய்பவன். கேட்டால் மட்டும் பேசுகிற ஆளா அவன்?

கப்பல்காரனுக்கு யார் பெண் கொடுக்கிறார்கள், சொல்லுங்கள்? தட்டிப்போன இடங்கள் நிறைய. இதுவும் போனால் என் மாமியார் படுத்துவிடுவார்.

பெண்ணின் அப்பா ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருப்பவர். சுத்த சைவம். தமிழும் கடையில் பேசும் மலாயும்தான் தெரியும். நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்ததிலிருந்து அவருக்கு மொழிக் கவலை.

“தம்பிக்கு மலாய் நல்லா வருமா? இனி அதுதானே தேசிய மொழி?”

“மலாய் வரும், இங்கிலீஷ் வரும், பிஸ்லாமாவும் வரும் மாமா.”

“பிஸ்... அது என்ன பாஷை?”

நான் கண்ணைக் காட்டினேன். பார்த்தால்தானே!

“பசிபிக் தீவுல பேசறது மாமா. எங்க கப்பல் அங்க கொப்பரை ஏத்தப் போகும்.”

“பேருக்கு என்ன அர்த்தம்?”

“கடல் அட்டை.”

அவர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

இவன் விடுவானா? “மலாய்க்காரங்க காமாட்னு சொல்வாங்களே, அதேதான். சீனர்கள் சூப் வைப்பாங்க. அதைப் பிடிச்சு சீனாவுக்கு விக்கத்தான் வெள்ளைக்காரன் தீவுக்குப் போனான். போர்ச்சுகீஸ்காரன் அதைக் ‘கடல் பூச்சி’ன்னான் — பிச்சோ டோ மார். பிரெஞ்சுக்காரன் வாயில அது பெஷ் த மேர். வியாபாரத்துக்குக் கலந்து பேசின இங்கிலீஷுக்கும் அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு. தீவுக்காரங்க வாயில பிஸ்லாமா!”

அட்டை, பூச்சி, சூப்... சைவ வீட்டில்! முடிந்தது கதை என்று நான் எழுந்திருக்கத் தயாரானேன்.

அப்போதுதான் பெண் கோமளா கோப்பித் தட்டோடு வந்தாள். கான்வென்டில் படித்த டீச்சர். கொஞ்சமும் கூச்சமில்லை.

“அதுல ஏதாச்சும் பேசிக் காட்டுங்களேன்.”

சண்முகம் அவளை நேராகப் பார்த்தான். “மி லைக்கெம் யு டூமாஸ்.”

‘எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு’ — உடைந்த இங்கிலீஷ்தானே, டீச்சருக்கும் எனக்கும் புரிந்துவிட்டது. கோமளாவின் முகம் சிவந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

“என்னம்மா சொல்றாரு?” என்றார் அப்பா.

“கோப்பி ரொம்ப நல்லா இருக்காம்பா!”

கோப்பி இன்னும் அவள் கையிலிருந்த தட்டில்தான் இருந்தது!

அவர் அதைக் கவனிக்கவில்லை. மகளின் முகத்தைத்தான் பார்த்தார். “பொண்ணுக்குப் பிடிச்சிருக்கு. அப்புறம் எனக்கென்ன? தையில வச்சுக்கலாம்.”

சொல்லிவிட்டு, ஒரு கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். ருசித்தார். கோப்பி கலக்கிய மனைவியைத் திரும்பிப் பார்த்து, புதுப் பாஷையில் பாராட்டினார் — “மி லைக்கெம் யு டூமாஸ்!”

இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த அம்மாளிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்... பாவம், அதன் அர்த்தம் இரண்டு பேருக்குமே தெரியாது!